குருணை

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியைச் சோதித்துச் சொல்லும் கூடம் ஒன்று இருக்கிறது. மூட்டையில் வரும் கரியை உடைத்து, அரைத்து, சலித்து, படித்த பிள்ளைகளின் மேஜைக்கு மாவாக அனுப்பி வைப்பது கன்னியம்மாவின் வேலை. பெரும்பாடு மிஷினுடையது, கடைசிக் கை கன்னியம்மாவுடையது. வெள்ளைக் கல்வத்தில் கரியைப் போட்டுக் குழவியை ஒரே சீராகச் சுற்றுவாள். நடுநடுவே ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்ப்பாள். விரல் ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் மாவு. நெருநெருத்தால் குருணை. ஒரு கப்பல் கரிக்கு இந்தச் சிட்டிகைதான் சாட்சி, இதில் குருணை கிடந்தால் கணக்கு கோணிக்கொண்டு போய்விடும் என்று சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து குருணை என்ற சொல்லையே அவள் ஒரு வசவாக வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்கிறவன் குருணை. மகளைப் பெண் பார்க்க வந்து, பெண் பாக்ஸிங் போடுவாளா என்று முகம் சுளித்து, பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போன குடும்பம் மொத்தமும் குருணை.

வீடு வியாசர்பாடியில், வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. புருஷன் வேலப்பன் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவுகிறவன். சாயங்காலமானால் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய் பாக்ஸிங் ரெஃப்ரி ஆகிவிடுவான். இளவயசில் அவனே நல்ல குத்துச்சண்டைக்காரன். அடி வாங்குவான், ரத்தம் வரும், ஆனால் முதுகு தரையில் பட்டதில்லை என்று அந்த வட்டாரத்தில் இன்றைக்கும் பேச்சு உண்டு.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு மாத்திரை விழுங்க வராது.

நாக்கில் பட்டதும் தொண்டை ஷட்டர் போட்டுக்கொள்ளும். கண் பிதுங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும், மாத்திரை மட்டும் நாக்கின் மேல் சட்டமாக உட்கார்ந்திருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு காய்ச்சலின்போது இந்தக் கூத்தைப் பார்த்துப் பயந்துபோன கன்னியம்மா, மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தாள். பச்சைப் பிள்ளை மாதிரி நக்கிக்கொண்டான். யாராண்டயும் சொல்லிடாதமே என்று அன்றைக்கு அவன் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டதை அவளும் காப்பாற்றி வந்தாள். பிரஷர் வந்து தினப்படி மாத்திரை என்றானதும், விளிம்பு உடைந்ததென்று கூடத்தில் ஒதுக்கிய கல்வம் ஒன்றைச் சொல்லிக் கேட்டு வாங்கி வந்தாள். டாக்டர் அரை மாத்திரை என்றால் கத்தியால் வெட்டமாட்டாள். முழுசாக அரைத்து, காகிதத்தில் கூம்பாகக் குவித்து, தட்டிப் பரப்பி, சிலுவைக் கோடு போட்டு நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டைச் சேர்த்து எடுப்பாள். கரிக்கு அப்படித்தான் செய்வார்கள், புருஷனுக்கும் அப்படித்தான். மகள் கார்குழலி கேட்டபோது நாட்டு மருந்து என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவளும் நம்பினாள். அது மட்டுமா, எங்க நைனா பலமெல்லாம் அந்தச் சூரணத்தில்தான் இருக்கிறதென்று கூடப் பயிற்சி செய்யும் பெண்களிடம் அளந்தும் வைத்திருந்தாள்.

பங்குனிக் கடைசியில், பிரஷர் இறங்க மாட்டேனென்கிறதே என்று டாக்டர் மருந்தை மாற்றினார். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கேப்சூல், காலையில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கன்னியம்மா அதைத் திருகித் திறந்தாள். உள்ளே மாவு இல்லை. கசகசா மாதிரி மணிமணியாகக் கொட்டியது. அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே.

“பாருய்யா இந்த அநியாயத்த. இம்மாம் பெரிய கம்பெனி, அரைக்கறதுக்கு ஒரு ஆளு இல்லியா? குருணையா கொட்டி மூடிக் குடுத்துக்கீறான்.”

“உன்னிய மாதிரி கைகாரி அவனுக்குக் கெடைக்கலமே,” என்றான் வேலப்பன்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் வழக்கத்தைவிடக் கூடுதலாக அரைத்தாள். மணிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஓட ஓட விடாமல் மடக்கி, ஊதினால் பறந்துவிடும் என்கிற பதம் வரும்வரை குழவியைச் சுற்றினாள். விரலில் தேய்த்துப் பார்த்ததில் தேய்த்தது தெரியவில்லை. மருந்துக் கம்பெனிக்காரனே வந்து பார்த்தாலும் வெட்கப்பட்டுப் போவான் என்று நினைத்துக்கொண்டு தேனை ஊற்றினாள்.

அன்றைக்கு மைதானத்தில் பயிற்சி ஆட்டம். அடுத்த ஞாயிறு ஜில்லா டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், கார்குழலியும் அதற்காகத்தான் மாடாக உழைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணி வெயிலே முதுகைப் பிய்த்தது. கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பையன்களைப் பிரித்துவிடக் கையை நீட்டிய வேலப்பன், நீட்டிய கையோடு மெதுவாக உட்கார்ந்தான். பிறகு மல்லாந்தான். பையன்களுக்கு அது விளையாட்டாகப் பட்டது. மாமா ரகளை பண்ணுகிறார் என்று ஒருவன் குனிந்து, விழுந்தவனுக்கு ரெஃப்ரி எண்ணுகிற மாதிரி விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தான். மற்றவர்களும் கைதட்டிக்கொண்டு கூட எண்ணினார்கள். எட்டு எண்ணியும் மாமா எழுந்திருக்கவில்லை என்றதும்தான் சிரிப்பு நின்றது. கார்குழலி கையுறையோடு கயிற்றுக்குள் பாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பாதாளத்துக்குப் போயிருக்கிறதென்றார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மருந்தைச் சரியாகச் சாப்பிட்டாரா என்று டாக்டர் கேட்டதற்கு, வேளை தப்பாமல் கொடுத்தேன் சார் என்று கன்னியம்மா சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. வெயிலும் அலைச்சலும் இருக்கும், மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், அடுத்த திங்கட்கிழமை வந்து காட்டுங்கள் என்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தது பழைய வேலப்பன் இல்லை. வெள்ளைச் சட்டையை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து, ரெஃப்ரிக்கே எண்ணிட்டானுங்களாமே என்று கேலியாகத்தான் ஆறுதல் சொன்னார்கள். வேறு நாளாக இருந்தால் அவனே முதலில் சிரித்திருப்பான். இரண்டாம் நாள் அவனோடு அந்தக் காலத்தில் குத்துச்சண்டை போட்ட கூட்டாளி மஜீது வந்தார். அவரிடம், இனிமேல் ரெஃப்ரி வேலையை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டான். கார்குழலியைக் கூப்பிட்டு, செலக்‌ஷன் அன்றைக்கு மூலையில் வேறு யாரையாவது நிற்க வைத்துக்கொள்ளச் சொன்னான்.

சண்டைக்கு நடுவில் மூலைக்கு வந்து உட்காரும்போது தண்ணீர் கொடுத்து, விசிறி, காதில் நாலு வார்த்தை சொல்லி அனுப்ப ஓர் ஆள் வேண்டும். கார்குழலிக்கு முதல் ஆட்டத்திலிருந்து அது அவள் அப்பன்தான்.

“நீ நிக்கலன்னா நானும் ஏறல நைனா,” என்றாள் அவள்.

“ஒடம்பு போச்சிம்மா. வியுந்த ஆளு மூலையில நின்னா பாக்கறவன் சிரிப்பான். உனிக்குத்தான் அசிங்கம்.”

அவளும் பிடிவாதக்காரி. ஏறாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும் என்று தெரிந்தும் இறங்கி வரவில்லை. ஓர் அறை வீட்டில் இரண்டு பேரும் இரண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். கன்னியம்மாவுக்கு நடுவில் படுக்க இடமில்லாமல் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் மனசே ஆறவில்லை. கல்லுக் கல்லாக இருந்த மனுஷன் ஒரு காலை வேளையில் எப்படிக் கிழவனாகிப் போனான் என்று கரியை அரைக்கும்போதும் அதே யோசனை.

புதன்கிழமை வேலை விட்டு வரும்போது, மறுநாளிலிருந்து கொடுக்கவேண்டிய மருந்தை வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கும் மெர்லின், ராயபுரத்திலிருந்து வரும் பெண், மருந்தாளுநர் படிப்புப் படித்தவள், வாயாடி. அவளோடு நாலு வார்த்தை பேசினால் மனசு லேசாகும் என்று கன்னியம்மா தன் புராணத்தை ஆரம்பித்தாள். இந்தக் கம்பெனிக்காரன் உள்ளே குருணையாகப் போட்டுத் தொலைக்கிறான், அதை மாவாக்குவதற்குள் கை கழன்று போகிறது என்றாள்.

மெர்லின் எடுத்த அட்டையைக் கீழே வைத்தாள்.

“இத அரைச்சீங்களா?”

“அரைச்சனாவா? பவுடர் கெட்டது போ.”

“யக்கா, அது அரைக்காம வுட்ட குருணை இல்ல. ஒவ்வொரு மணிக்கும் மேல மெல்லிசா ஒரு தோலு கீது. வவுத்துக்குள்ள போயி கொஞ்சம் கொஞ்சமா கரையணும்னு அப்டி செஞ்சிக்கீறாங்க. காலைல முயுங்கினா மறுநா காலை வரிக்கும் வரும். நீங்க தோல ஒடச்சி, ஒரு நாள் மருந்த ஒரே வாயில குடுத்துட்டீங்க. பிரஷர் அப்படியே கீய எறங்கியிருக்கும். அண்ணன் அதுலதான் வியுந்துக்கீறாரு.”

“நல்லாத்தான மெர்லினு அரைச்சேன்.”

“சுமாரா அரைச்சிருந்தீங்கன்னா கொஞ்சம் தலை சுத்தலோட போயிருக்கும். நல்லா அரைச்சதுதான் வெனை.”

மாத்திரை விழுங்க முடியாதென்று டாக்டரிடம் சொன்னால், அரைத்துக் கொடுக்கிற மாதிரி வேறு மருந்து எழுதுவார் என்றும் மெர்லின் சொன்னாள். எந்த மருந்தையும் கேட்காமல் இனி அரைக்கவோ திறக்கவோ கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பதிலுக்கு வேலப்பன் ரகசியத்தை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்தோணியார் மேல் அவளும் சத்தியம் செய்யவேண்டியிருந்தது.

கன்னியம்மாவுக்குத் திரும்பி வந்த வழி போனதே தெரியவில்லை. பயமும் வெட்கமும் மாறி மாறி வந்தன. எதில் தனக்கு நிகர் யாருமில்லை என்று இருந்தாளோ அதைக் கொண்டே புருஷனைச் சாய்த்திருக்கிறாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. ஆனால் சொல்லாவிட்டால் அவன் தன் உடம்பு போய்விட்டதென்றே சாகிற வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கினாள். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். கார்குழலி பயிற்சிக்குப் போயிருந்தாள். வேலப்பன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்து, தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“அப்ப எனிக்கு ஒடம்பு போவலியா?”

“ஒடம்புக்கு ஒரு கேடும் இல்ல. என் கையிதான்யா. நான்தான் உன்னிய தள்ளிட்டேன்.” சொல்லிவிட்டு அழுதுவிட்டாள்.

அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறான் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான்.

“அத்தினி வருசம் ரிங்குல நின்னேன். எங்கெங்கியோ கீறவன்லாம் வந்து குத்திப் பாத்தான். ஒருத்தனாலயும் என்னிய மல்லாக்கப் போட முடில. நீ தேன்ல கொயச்சிப் போட்டுட்டியேமே.”

“சிரிக்காதய்யா. எனிக்கு ஈரக்கொல நடுங்குது.”

“நடுங்காத. எனிக்குப் போன உசுரு இப்பத்தான் வந்துக்குது. இன்னும் ரெண்டு துண்டு மீன் போடு.”

சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினான். மகள் மூலையில் தானேதான் நிற்கப் போவதாகச் சொன்னான். கன்னியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, ஆனால் இனிமேல் இதை முழுசாக விழுங்கவேண்டும், இல்லையென்றால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி வேறு மருந்து வாங்கவேண்டும் என்றாள். அவன் சிரிப்பு அந்த இடத்தில் நின்றது.

“டாக்டராண்ட போயி எனிக்கு மாத்திரை முயுங்க வராதுன்னு சொல்லச் சொல்றியா? அதுக்கு இன்னோரு வாட்டி வியுந்துடறேன்.”

“அப்ப முயுங்கு. உள்ள போனாத்தான் நீ மூலைல நிப்ப. வெயில்ல கத்தி, பிரஷர் ஏறி, உன்னிய நான் தூக்கினு ஓட முடியாது.”

வியாழக்கிழமையிலிருந்து அந்த வீட்டில் நடந்தது தனிக் கச்சேரி. முதலில் இட்லி வடகறியோடு. இட்லி போயிற்று, வடகறி போயிற்று, கேப்சூல் திரும்பி வந்தது. வாழைப்பழத்துக்குள் சொருகிக் கொடுத்தாள். பழத்தை மட்டும் பிரித்து உண்ணும் வித்தை அவன் நாக்குக்குத் தெரிந்திருந்தது. பர்மா நூடுல்ஸ் விற்கும் அத்தோ கடையிலிருந்து வாழைத்தண்டு சூப் வாங்கி வந்து, வழவழவென்று போய்விடும் என்று ஆசை காட்டினாள். சூப்பு தீர்ந்ததுதான் மிச்சம். வேலப்பன் ஒவ்வொரு தடவையும் வானத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூக்குக்குப் போகிறவன் மாதிரி வாயைத் திறந்தான். ஒவ்வொரு தடவையும் ஷட்டர் விழுந்தது.

ஓர் அறை வீட்டில் இதை எத்தனை நாள் மறைக்க முடியும்? வெள்ளிக்கிழமை காலை கார்குழலி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து பார்த்தாள். கன்னியம்மா விஷயத்தை உடைத்தாள். பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். சிரித்து ஓய்ந்ததும் முகம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லி மூன்று நாள் நிறுத்தியது போதாதென்று, அப்பன் அதற்கு மேலும் மருந்தே இல்லாமல் இருக்கிறான் என்று அவளுக்கு உறைத்தது. வெளியே சொல்வதில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உள்ளே போயாகவேண்டும் என்று அவளும் அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலப்பன் கேப்சூலையும் சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சமாக இருக்கிறதாம். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, போயிடுச்சி என்றான். காலி சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான். தாய்க்கும் மகளுக்கும் தலைகால் புரியவில்லை. கன்னியம்மா அவன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மைதானத்தில் கொடியும் மைக்செட்டுமாகத் திருவிழாக் கூட்டம். மஜீது ரெஃப்ரியாக நின்றார். கார்குழலிக்கு எதிரி காசிமேட்டுப் பெண், நீண்ட கைக்காரி. மூலையில் வேலப்பன் ஸ்டூலைப் போட்டு மகளை உட்கார வைத்து, கையுறைக் கட்டைச் சரிபார்த்துக்கொண்டே சத்தம் போட்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். கயிற்றுக்கு வெளியே நின்ற கன்னியம்மா பெருமையோடு அவன் வாயைப் பார்த்தாள். பார்த்தவள் இன்னும் கிட்டத்தில் போனாள். நாக்கும் பல் இடுக்கும் செக்கச்செவேலென்று இருந்தன. அவனுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. கேப்சூலின் சிவப்புச் சாயத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரியாதா? வாயிலேயே வைத்து ஊறவிட்டு, கரைந்ததும் குளியலறையிலேயே துப்பியிருக்கிறான்.

“யோவ், நாக்க நீட்டு.”

வேலப்பன் வாயை மூடிக்கொண்டான். மூடினதே போதுமானதாக இருந்தது. கார்குழலி அம்மா முகத்தையும் அப்பன் முகத்தையும் பார்த்தாள். பல்லில் மாட்டியிருந்த ரப்பரை வெளியே துப்பினாள்.

மஜீது இரண்டு பேரையும் நடுவுக்குக் கூப்பிட்டார். காசிமேட்டுப் பெண் வந்து நின்றாள். கார்குழலி ஸ்டூலை விட்டு அசையவில்லை.

“இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?” என்றார் மஜீது.

“எனிக்கு நல்லாத்தான் கீது மாமா. எங்க நைனா மாத்திரை முயுங்கட்டும், அப்பால எயுந்திருக்கறேன்.”

மைக் பக்கத்தில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. வேலப்பன் முகத்தில் ரத்தம் வற்றியது. கன்னியம்மாவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதை ஊருக்கே சொல்லியாயிற்று. ஆனாலும் கை தானாகப் பர்ஸைத் திறந்து, மடித்து வைத்திருந்த அட்டையிலிருந்து ஒரு கேப்சூலைப் பிதுக்கிக் கயிற்று வழியாக நீட்டியது. நடுவர் மேஜையிலிருந்து ஒருவர், எழுந்து வராவிட்டால் எதிரி ஜெயித்ததாக எழுதிவிடுவோம் என்று மணியைத் தூக்கிக் காட்டினார். மஜீதுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், ஒரு நிமிஷம் சார் என்று கையைக் காட்டி நிறுத்தினார்.

வேலப்பன் மகளைப் பார்த்தான். கேப்சூலை வாயில் போட்டான். தலையைப் பின்னால் சாய்த்துத் தண்ணீரை ஊற்றினான். கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது, தண்ணீர் மூக்கில் வந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள். அவன் துப்பப் போனான்.

“தாடைய எறக்கு நைனா.” ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கார்குழலி அதட்டினாள். மூலையில் உட்காரும்போதெல்லாம் அவன் அவளுக்குச் சொல்வது அதுதான். “இன்னாத்துக்கு வானத்தப் பாக்கற? நெஞ்சில ஒட்டு. என்னியப் பாரு.”

அவன் தாடையை நெஞ்சில் ஒட்டினான். மகளைப் பார்த்தபடியே இன்னொரு வாய் தண்ணீர் இழுத்தான். தொண்டையில் முடிச்சு ஒன்று மேலே ஏறி, நின்று, கீழே இறங்கியது.

வேலப்பன் அப்படியே நின்றான். வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவிப் பார்த்தான். மஜீதிடம் வாயைத் திறந்து காட்டினான். மஜீது குனிந்து இரண்டு கன்னத்தையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஜெயித்தவன் கையைத் தூக்குகிற மாதிரி அவன் கையைப் பிடித்து மேலே தூக்கினார். கூட்டம் விசிலடித்தது. யார் எதற்கு விசிலடிக்கிறார்கள் என்று தெரியாமல் பின்னால் இருந்தவர்களும் அடித்தார்கள். கார்குழலி ரப்பரைக் கழுவி மாட்டிக்கொண்டு எழுந்தாள். மணி அடித்தது.

ஆட்டம் மூன்று ரவுண்டும் நடந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது, உட்கார்ந்தது, மறுபடி எழுந்து கத்தியது. கன்னியம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு புருஷனின் தொண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் கத்தினால் அது திரும்பி வந்துவிடுமோ என்றிருந்தது. தண்ணீர் குடித்தால் ஒரு நிம்மதி, இருமினால் ஓர் உதறல். கடைசி மணியும் அடித்து, வேலப்பன் வாய் நிறையச் சிரித்த பிறகுதான் போனது போனதுதான் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவளைத் தொட்டுக் கேட்டாள்.

“யாரு கெலிச்சதுமே?”